மூன்றாவது படம்

தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில் அந்த மெஷினை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது படம் பிடித்துச் சொல்லும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததில்லை.

அப்பா ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டினார். இடது கண்ணில் பிரஷர் வந்து பார்வை முன்பே போய்விட்டது. வலது கண்ணை நம்பித்தான் ஓட்டினார். அதிலும் புரை விழுந்ததும் நானே அழைத்து வந்தேன். ஆபரேஷனுக்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். சர்க்கரை, இல்லை. ஆஸ்துமா, இல்லை. கண்ணில் அடிபட்டதுண்டா, இல்லை. மற்றவர்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்பேன். என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதா?

முதல் படத்தில் சாய்வு அதிகமாக வந்தது. அவர் விளக்கைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் என்னை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நேராகப் பச்சை லைட்டைப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவதிலும் அதே சாய்வு. மூன்றாவதில் கொஞ்சம் குறைந்தது. முதல் இரண்டும் கண் அசைந்ததால் வந்த பிழை என்று அழித்துவிட்டு, மூன்றாவதை டாக்டருக்கு அனுப்பினேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம், எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரிகிறது என்றார். படம் எடுத்தேன். புதிதாக வைத்த லென்ஸ் சாய்ந்து, கீழே இறங்கியிருந்தது. டாக்டர் அவரிடமே விசாரித்தார். பல வருடங்களுக்கு முன் ஆட்டோவுக்குப் படுதா கட்டும்போது கயிற்றுக் கொக்கி தெறித்து அந்தக் கண்ணில் பட்டதாம். ஒரு வாரம் வீங்கியிருந்து சரியாகிவிட்டதாம். லென்ஸைப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள் அன்றே பாதி அறுந்திருக்க வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் தாங்கலாக ஒரு வளையம் வைத்திருப்பாராம். இப்போது மறுபடி திறந்தால் இருக்கிற பார்வையும் போய்விடலாம் என்றார். மதுரைக்கும் போய்க் கேட்டோம். அங்கேயும் அதையே சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கலையேம்மா. மளமளன்னு எழுதிட்டே போன. படிச்ச புள்ள, தெரிஞ்சுதான் எழுதுதுன்னு இருந்துட்டேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆட்டோவை இப்போது மாமா ஓட்டுகிறார். அப்பா மாதம் ஒரு முறை டவுன் பஸ்ஸில் வந்து என் எதிரே மெஷினில் தாடையை வைக்கிறார். போன வாரம் மெஷினில் வந்த எண் எவ்வளவு என்று கேட்டார்.

"போன மாசத்தைவிடக் கூடியிருக்குப்பா."

"அப்ப பார்வை மெல்ல வந்துடும்" என்றார்.

கூடியது லென்ஸின் சாய்வுதான் என்று நான் திருத்தவில்லை. அடுத்து வரவேண்டிய தேதியை அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.