நாலு சொல்லோடு நின்ற தனி

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்தில் எங்கள் வாசிப்பைக் கேட்ட ஜப்பான்காரர் ஒருவர், இரண்டாயிரம் பிறந்த புதிதில் எங்களைத் தம் ஊருக்குக் கூப்பிட்டார். தமிழ் படித்தவர். என் மச்சான் நாதஸ்வரம், நான் தவில். கிளம்புமுன் திருப்போரூர் முருகனிடம், "அந்தச் சீமையிலே ஒரு தனி முழுசா வாசிச்சிட்டு வரணும்பா, வேற ஒண்ணும் வேணாம்" என்று வேண்டிக்கொண்டேன். நாதஸ்வரம் ஓய்ந்து தவிலுக்கென்று விடுகிற நேரம்தான் தனி. அதற்காகவே துணியில் மாவுப்பசை தடவி, தவில் அடிக்க வலக்கையில் மாட்டுகிற விரல் கூடுகள் புதுசாகச் செய்து கொண்டுபோனேன்.

அங்கே தரைக்குக் கீழே சின்ன ஹால். கிடாரும் டிரம்முமாக இன்னும் நாலு கோஷ்டிகள். கடைசியில் மேடை ஏறுகிறவர்கள்தான் முதலில் மைக் சோதிக்க வேண்டுமாம். நாங்கள் கடைசி. பகலிலேயே வரச்சொல்லிவிட்டார்கள். மைக்காரர் ஒரு அடி அடிக்கச் சொன்னார். நிறுத்தச் சொன்னார். மறுபடி ஒரு அடி. பிள்ளையாரை நினைத்துத் தொட்டால் முடிக்காமல் கையை எடுத்து எனக்குப் பழக்கமில்லை. வெறும் சத்தத்துக்குத் தட்டியது மனசுக்கு ஆகவே இல்லை. அப்புறம் பொழுது சாய்ந்த பிறகும் மூலையில் உட்கார்ந்திருந்தோம். கற்பூரம் ஏற்றலாமென்றால், நெருப்பே கூடாது!

"முப்பது நிமிடம் ஐயா. ஏறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள்," என்றார் கூப்பிட்டவர்.

"மச்சான், ராகத்தைச் சுருக்கிக்கோ. எனக்குப் பத்து நிமிஷம் வுடு," என்றேன்.

"இன்னாத்துக்கு இப்பவே பேஜார் பண்றே? அதெல்லாம் தானா வரும்."

ராகம் வந்தது. போகவில்லை. எங்கள் பக்கம் பிடித்திருந்தால் தலை ஆடும், "ஆகா" வரும். அங்கே அத்தனை பேரும் சிலை மாதிரி நின்றார்கள். இன்னும் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று மச்சான் மேலும் மேலும் இழைத்தார். நான் கூடுகளை மாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தேன். ஒருவழியாக என் பக்கம் தலையசைத்தார். தவிலில் நாலு சொல்தான் விழுந்திருக்கும். நேரம் முடிந்ததென்று ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் செத்தது. அப்போதுதான் கூட்டம் கைதட்டியது, அப்படியொரு கைதட்டல். மைக்காரர் இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். கோபப்படக்கூட வழியில்லை.

"ஒருத்தராவது தலை ஆட்டியிருந்தா அப்பவே முடிச்சிருப்பேன்பா," என்றார் மச்சான்.

"பிடித்ததால்தான் ஐயா அசையாமல் நின்றார்கள்," என்றார் கூப்பிட்டவர்.

ஊர் திரும்பியதும் கிருத்திகையன்று சந்நிதியில் மச்சானே தாளம் போட, தனியை முழுசாக வாசித்தேன். மனசு ஆறவில்லை. நான் வேண்டிக்கொண்டது அங்கே வாசிக்கத்தானே? அரைமணியில் ஐந்து நிமிஷமாவது எனக்கு வாங்கித்தர உன்னால் ஆகவில்லையா என்று முருகனையே கேட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பழைய கூடுகளைத்தான் மாட்டினேன். ஜப்பான் போன கூடுகள் வேர்வை ஊறாமல், விறைப்புக் குறையாமல், பூஜை அலமாரியில் அவன் படத்துக்கு நேரே கிடக்கின்றன. அவனே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.