பின்பாய் எல்லப்பன்

ஜவளகிரிக் காட்டோரத்தில் ராகி விதைத்துப் பிழைத்த எல்லப்பனுக்கு முழுநேரத் தொழில் பயப்படுவது. விவசாயமெல்லாம் அதில் மிஞ்சிய நேரத்தில்தான். காட்டில் யானை, புதரில் விரியன், மழை ஓய்ந்ததும் குளிர்காய்ச்சல் என்று அந்தப் பக்கத்தில் பயப்படுவதற்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் எல்லப்பன் அவற்றையெல்லாம் சில்லறைப் பயங்களாகத்தான் வைத்திருந்தான். அவனுடைய மொத்த வியாபாரப் பயம் மேலே இருப்பவரிடம்.

ஞானஸ்நானத்தில் அவனுக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். ஊரில் ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவனே திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். மனைவி முனிலட்சுமிக்கு ரெபேக்காள் என்று பெயர். அது அவன் நாக்கில் ஏறவில்லை. பழைய பெயரிலோ, அவர்கள் விட்டுவந்த குலசாமி முனியப்பன் ஒட்டிக்கொண்டிருந்தார். ஆகையால் பாவத்துக்கு இடம் கொடாமல், கட்டிய மனைவியை வருஷக்கணக்கில் "இந்தா" என்று கூப்பிட்டே குடும்பம் நடத்தினான்.

ஊர்க்கோடியில் இருந்த கூரை வேய்ந்த வேதக்கோயிலை மாசிலாமணி உபதேசியார் கவனித்துவந்தார். பரலோகத்தின் வாசற்காவலைத் தம்மிடம் ஒப்படைத்திருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். கோயிலில் இரண்டு பாய் விரித்திருப்பார். முன்பாய் சுத்தமானவர்களுக்கு, பின்பாய் கறைபட்டவர்களுக்கு. வெற்றிலை போட்டால் பின்பாய். மாரியம்மன் கிடா விருந்தில் கை நனைத்தால் பின்பாய். பழைய சாமி பெயரைச் சொன்னால் ராகி அறுப்பு முடிகிறவரை பின்பாய். ஓசூரிலிருந்து பாதிரியார் தேவவரம் ஐயர் எப்போதாவது வந்து இராப்போஜனம் கொடுக்கும்போது, அப்பமும் திராட்சை ரசமும் முன்பாயோடு நின்றுவிடும்.

எல்லப்பனை உபதேசியார் ஒருமுறைகூடப் பின்பாய்க்கு அனுப்பியதில்லை. அந்தச் சிரமத்தை அவன் வைக்கவில்லை. தானே போய் உட்கார்ந்துகொள்வான். தகுதியில்லாமல் அந்த அப்பத்தைத் தின்றவன் தன் தண்டனையைத் தானே தின்கிறான் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பத்தட்டைக் கண்டாலே அவன் பின்பாயின் கடைசி ஓரத்துக்கு நகர்ந்துவிடுவான்.

அந்த வருஷம் குளிர்காய்ச்சல் அவனைத் தூக்கிப் போட்டு உலுக்கியது. பல் கிட்டிக் கிடந்தபோது ஒரு புதுப் பயம் பிறந்தது. தின்றால் தண்டனை, சரி. தின்னாமலே செத்துப்போனால்? மேலே போய் யாரென்று சொல்லிக்கொண்டு நிற்பது?

பிழைத்து எழுந்ததும், ஐயர் வருவதற்குள் முன்பாய்க்குத் தகுதியாகிவிடுவதென்று இறங்கினான். வெற்றிலைப் பையை அடுப்பில் போட்டான். பக்கத்துக் கொல்லை வெங்கடப்பனின் பசு இவன் ராகியை மேய்ந்தபோது, கோபம் வந்துவிடப்போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பசு நிதானமாக மேய்ந்துவிட்டுப் போனது. உபதேசியாரே அசந்துபோய், "இந்தத் தடவை உனக்கு முன்பாய்தான்" என்று வாக்குக் கொடுத்தார்.

ஐயர் வரும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாதே, மாட்டை அவிழ்ப்பது வேலையா, வேலையில்லையா என்று எல்லப்பன் கயிற்றைப் பார்த்தபடி நின்றான். முனிலட்சுமி வந்து அவிழ்த்துவிட்டாள்.

"அது பசியில கத்துது. நீ நரகத்துக்குக் கணக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறியா?" என்று சொல்லிவிட்டுக் கோயில் பெருக்க முன்னால் போனாள்.

வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அவன் பின்னால் புறப்பட்டான். ஓடை திரும்பும் இடத்தில் மூங்கில் நெரிபடும் சத்தம் கேட்டது. நின்றான். மூங்கிலை விலக்கிக்கொண்டு ஒற்றைக் கொம்பன் யானை வெளியே வந்தது. காது அடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. அதன் மூச்சில் பச்சை மூங்கில் வாடை அடித்தது. ஓடவேண்டும் என்று தெரிகிறது, ஓடத்தான் தெரியவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"முனியப்பா! காப்பாத்துடா சாமீ!"

யானை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு மூங்கிலை முறித்து வாயில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது.

எல்லப்பனின் உண்மையான நடுக்கம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. இத்தனை நாள் பட்ட பாடு ஒரு கத்தலில் போயிற்று. அதைவிட மோசம், கத்தலுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. காப்பாற்றியது யார்? முனியப்பன் என்றால் இவன் கதி என்ன? மேலே இருப்பவர் என்றால், வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் காதில் வாங்கிக்கொண்டுதானே வந்திருப்பார்?

கோயில் வாசலில் வந்து, உள்ளே போகாமல் நின்றுகொண்டான். விஷயத்தைக் கேட்ட முனிலட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

"யோவ், முனின்னு என்னைத்தான் கூப்பிட்டேன்னு சொல்லிடு."

"பொய்யும் சேர்ந்துக்குமே இந்தா! ஏற்கெனவே ஒன்னு இருக்குது."

அதற்குள் உபதேசியார் வந்தார். கேட்டார். முகம் கறுத்தது.

"முனியப்பனையா? இன்னிக்கா? எத்தனை பாடுபட்டு உன்னை முன்பாய்க்குக் கொண்டாந்தேன்!"

"யானைங்க உபதேசியாரே. எதுருல நின்னுச்சுங்க."

"யானை வந்தா என்ன? யானைக்காகச் சட்டத்தை மாத்த முடியுமா? அறுப்பு முடியட்டும்."

எல்லப்பன் போய்ப் பின்பாயில் ஒடுங்கினான். உள்ளே அங்கியை மாட்டிக்கொண்டிருந்த தேவவரம் ஐயர், மெலிந்த திருநெல்வேலிக்காரர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யானை போயிட்டா?" என்றார்.

"போயிடுச்சுங்க ஐயரே."

"போன மழைக்கு இதே பாதையிலதான், பன்னி ஒண்ணு சைக்கிளுக்குக் குறுக்க பாஞ்சிட்டு. நான் என்ன கத்துனேன் தெரியுமா? 'எங்கம்மா'ன்னு கத்துனேன். எங்கம்மா செத்து எத்தனையோ வருசமாச்சுல்லா. ஆண்டவர் பேரு அந்நேரத்துக்கு எனக்கு வரல."

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "ஐயரே, அது வேற..."

"வேற இல்ல, உபதேசியாரே. அப்ப எனக்கும் இந்தப் பாய்தான்."

ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பத்தட்டும் பாத்திரமுமாக வந்து எல்லப்பன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்பாய்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டு பின்னால் போய்விட்டதே! வேறு வழியில்லாமல் எல்லாரும் திரும்பி உட்கார்ந்தார்கள். முதல் வரிசைக்காக வருஷமெல்லாம் வெற்றிலையை ஒளித்து ஒளித்துப் போட்ட ஆஞ்சப்பன் இப்போது கடைசி வரிசையில் இருந்தான். இரண்டு பாய்க்கும் நடுவே நின்ற உபதேசியாருக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. கடைசியில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தகுதி இல்லீங்க" என்றான் எல்லப்பன்.

"தகுதி இருக்கவனுக்கு இது எதுக்கு? கையை நீட்டு."

"செத்துட்டேன்னா?"

"நான் பக்கத்துலதான இருக்கேன். நீட்டு."

பின்னாலிருந்து முனிலட்சுமி சொன்னாள்: "நீ கூப்பிட்ட பேருதான்யா தப்பு. வந்தவரு சரியாத்தான் வந்தாரு. நீட்டு."

நீட்டினான். ஐயர் உள்ளங்கையில் அப்பத்துண்டை வைத்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயில் போட்டான். இடிக்காகக் காத்திருந்தான். தளி ஊர்க் கடையில் வாங்கிய ரொட்டி, கொஞ்சம் புளிப்பாக இருந்தது. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அழுகை மட்டும் எங்கிருந்தோ வந்தது.

திரும்பும்போது ஓடைப் பக்கம் மூங்கில் மறுபடி நெரிந்தது. எல்லப்பனுக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. அப்போதுதான் கவனித்தான்: இந்தப் பயம் யானையிடம் மட்டும்தான். அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

முனிலட்சுமி கவலையில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"முனிலட்சுமீ! நில்லு! தனியாப் போகாத!"

அவள் திடுக்கிட்டு நின்றாள், யானைக்காக அல்ல.