நாலு இஞ்ச் உயர்த்திய ட்ரெய்லரும் தனுஷ்கோடிப் பயணமும்

குரோம்பேட்டையிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 580 கிலோமீட்டர். போன பிப்ரவரியில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் கிளம்பினோம். இருபத்தேழு வருடம் புவியியல் டீச்சராக இருந்தவள், கரும்பலகையில் ஓயாமல் வரைந்த அந்த முனையை நேரில் பார்த்ததில்லை. அவளுடைய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. "போறதா இருந்தா இந்த மாசமே போய்ட்டு வந்துடுங்க சார்" என்றார் டாக்டர்.

அதனால் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன கேரவன் ட்ரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அவள் காரில் வருவாள். அடிக்கடி நிறுத்தி அதில் படுத்துக்கொள்வாள். ஆனால் எங்கள் தெரு வேகத்தடைகளில் அதன் அடிப்பக்கம் உரசியது. பம்மலில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"அச்சுல கட்டை வெச்சி நாலு இஞ்ச் தூக்கிடலாம் சார். ஆனா இத மாட்டுற கார் கொக்கியையும் அதே அளவு ஏத்தணும். நாலு நாள் ஆவும்" என்றார் பட்டறைக்காரர். கொக்கி வேண்டாம், கட்டை போதும் என்றேன். அவசரம் ஒரு பக்கம், எனக்குத் தெரியாததா என்ற திமிர் ஒரு பக்கம். 8,500 ரூபாய், ஒரே நாளில் முடிந்தது.

கொக்கி பழைய உயரத்திலேயே இருந்ததால் ட்ரெய்லர் மூக்கைத் தாழ்த்தி, காரின் பின்பக்கத்தை அமுக்கியது. நான் மகா புத்திசாலியாயிற்றே! பாரத்தைக் குறைக்க, இரண்டு தண்ணீர் கேன்களையும் கேஸ் சிலிண்டரையும் ட்ரெய்லரின் வால்பக்கம் நகர்த்தினேன்.

காலை 6.10க்குக் கிளம்பினோம். தாம்பரம் வரை நெரிசலில் ஊர்ந்ததால் எதுவும் தெரியவில்லை. 7.05க்கு, கூடுவாஞ்சேரி தாண்டி வேகம் அறுபதைத் தொட்டபோது, ஒரு பஸ் எங்களை முந்தியது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. இடது, வலது, ஒவ்வொரு தடவையும் இன்னும் அகலமாக. காரையும் சேர்த்து ஆட்டியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஓரமாக நின்றபோது ஸ்டெல்லா வலியில் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி ஓடிவந்தார். "இன்னா சார், பொட்டி இப்டி ஆடுது? பின்னாடி இன்னா வெச்சிகினு கீற?" உள்ளே பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏற்கெனவே ஒசரமா கீது. வெயிட்டெல்லாம் பின்னாடி போட்டா ஆடாம இன்னா சார் பண்ணும்?"

"பரவாயில்லங்க, அடுத்த வாரம் போலாம்" என்றாள் ஸ்டெல்லா. அந்த நிலைமையிலும் எனக்கு ஆறுதல் சொன்னாள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வீடு திரும்பினோம். அன்று குலுங்கியதற்குப் பிறகு அவளால் உட்காரவே முடியவில்லை. பதினெட்டாம் நாள் போய்விட்டாள்.

ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தேவைக்கு மேல் ஒரு இஞ்ச் கூடத் தூக்காதீர்கள்; உயர உயர, காற்றிலும் வளைவிலும் கவிழப் பார்க்கும். கொக்கியையும் கூடவே ஏற்றி, ட்ரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். கனமான சாமான்கள் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். காலிச் சாலையில் தனியாக ஓட்டிப் பார்க்காமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

பிறகு கொக்கியை ஏற்றிவிட்டேன். இப்போது எழுபதிலும் ஆடாமல் அசையாமல் பின்னால் வருகிறது. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் இறங்கிப்போய் உதைக்க வேண்டும் போல் இருக்கிறது.