புழுக்களுக்கு ஊற்றிய பீலித் தண்ணீர்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போனபோது என் மனதில் ஒன்றுதான் இருந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அந்த ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால், எங்கள் லயத்து வீடுகளுக்கு மலையிலிருந்து குழாய் வழியே வந்து கொட்டும் பீலித் தண்ணீரை அவள் குடிக்கப் போத்தல்களில் பிடித்துச் சென்றேன்.

மகள், கடல்நீர் வந்து தேங்கும் களப்பு வற்றிய சேற்றில் நின்றாள். கயிறு கட்டிய ஒரு சதுரத்தில் புழுக்களைத் தோண்டி எண்ணி, மறுபடி அங்கேயே விடுவாளாம். எத்தனை மிஞ்சின, எத்தனை புதிதாகப் பிறந்தன என்று அடுத்த மாதம் பார்ப்பாளாம்.

"இதுக்கா புள்ள இம்புட்டுப் படிச்ச?"

"இன்னும் ரெண்டு மாசம் எண்ணினா முடிஞ்சிரும்மா," என்று சிரித்தவள், மண்வெட்டியைக் கழுவப் போனாள்.

எண்ணுவதற்காக எடுத்துவைத்த தட்டில் புழுக்கள் வெயிலில் நெளிந்தன. பாவமாக இருந்தது. ஒரு போத்தல் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். அவள் வருவதற்குள் அவை முறுக்கிக்கொண்டு அடங்கிவிட்டன.

"ஐயோ அம்மா! உப்புத் தண்ணிப் புழும்மா இது. நல்ல தண்ணி ஊத்துனா செத்துரும்!"

"இனி என்னா செய்றது?"

"வேற சதுரம் கட்டி மொதல்ல இருந்து எண்ணணும். இன்னும் ஒரு வருசம் இங்கதான்."

ஊர் திரும்ப, பதுளை பஸ்ஸில் தனியாக ஏறினேன்.

ஒரு வருடம் என்று சொன்னபோது அவள் முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது போலிருந்தது. வீட்டுக்கு வராமலிருப்பதுதான் நிம்மதியா என்று போனில் கேட்டுவிடலாம்தான். பதிலுக்குப் பயந்து இன்னும் கேட்கவில்லை.