காதில் ஊதுபத்தி

மோதி பாக் பகுதியில் ஒரு கார் மெக்கானிக் காதில் ஊதுபத்தியைச் செருகிக்கொண்டு எல்லோரையும் முறைப்பார். டிசம்பர் குளிரில் என் பழைய காரின் ஹீட்டர் காலுக்குச் சூடு தராமல், உள்ளே காற்றுக் கசிவை அடைக்கும் ஃபோமின் இற்றுப்போன தூளை முகத்தில் ஊதியது. மெத்தை ஸ்பாஞ்சை வெட்டி நானே ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போனேன். அதைச் சொல்லவில்லை.

ஹீட்டரை ஓடவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

“பாய் சாப், பூஜையெல்லாம் வேண்டாம். ஜல்தி வேலையைப் பாருங்க” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் ஹீட்டர் பெட்டியைச் சுற்றிப் பத்தியை நகர்த்தினார். நான் ஒட்டிய இடத்தில் காற்று கசிந்து புகை சிதறியது.

“எந்தக் கழுதை ஒட்டினான் இதை?” என்று இந்தியில் கேட்டார்.

“வேற ஒரு மெக்கானிக்.”

என் நகத்தில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தார்.

“அந்தக் கழுதையை இனிமே காரைத் தொட விடாதீங்க.”

புது ஃபோம் வைத்தார். நான் நன்றி சொல்லவில்லை. இன்றும் குளிர்காலத்தில் கால் சூடானதும் அந்த ஆள்மேல் கோபம்தான் வருகிறது.