கண்ணாடி குளிப்பாட்டுகிறவர்

“ஆடாம நில்லு, காதுக்குப் பின்னாலதான் அழுக்கே” என்று அதட்டியபடி, கூரைமேல் குந்தி சூரியத் தகட்டின் மூலையைத் துடைக்கிறார். தகடு எங்கே ஆடுகிறது? ஆடுவது அவர் முழங்கால்தான்.

தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துக் குடிநீராக்கும் அந்தச் சின்ன நிலையத்தில் மோட்டாரை ஓட்டுவது வெயில். மற்ற எல்லாம் இவர். தகடுகளை நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். கீழே குடத்தோடு நிற்பவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியாதா? எனக்கே எரிந்தது.

போன கோடையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி கத்தியே விட்டாள். “எம்புள்ளைக்குக் குடிக்கத் தண்ணியில்ல, நீ கண்ணாடியக் குளிப்பாட்டுறியா?”

“அவ கேட்டது நியாயம்தானே சார்” என்கிறார். மறுநாளிலிருந்து கடல் தண்ணீரிலேயே கழுவினார். காயக் காயத் தகடெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்தது. கீழே நிற்பவர்களுக்கு அது தெரியவில்லை. மோட்டார் இழுத்து இழுத்துப் பார்த்து ஒருநாள் நின்றே போனது. கேட்டவர்களிடம், “கம்பெனிக்காரன் மட்டமான தகட்ட நம்ம தலைல கட்டிட்டான்” என்று சொல்லிவிட்டார். பயம்தான், வேறென்ன?

பழுது பார்க்க வந்த மெக்கானிக் தகட்டில் விரலை இழுத்து நாக்கில் வைத்தான். இவரைப் பார்த்தான். எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.

“நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலை சார். கூசிப் போச்சு.” இதைச் சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை.

என்னிடம் பேசிவிட்டுக் கீழே இறங்கி வந்து அவர் குழாயைத் திறந்தபோது, இடுப்பில் குழந்தையோடு அவளே வந்து குடத்தை வைத்தாள்.

“அண்ணே, அந்தக் கம்பெனிக்காரன் வந்தாச் சொல்லு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கணும். அவனாலதானே மோட்டார் நின்னு, பாழுங்கிணத்துத் தண்ணியக் குடுத்தேன்? புள்ளைக்கு வயித்தால போயி, உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்தேன்.”

கண்ணாடிக்காரர் குழாயை மூடினார்.

“அவனக் கேக்காதம்மா. என்னக் கேளு. உப்புத் தண்ணில கழுவிக் கெடுத்தது நான்தான்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பாதி நிறைந்திருந்த குடத்தைக் காலால் குழாய்க்கு நேரே தள்ளினாள்.

“புடி.”

குழாயைத் திறந்தார். தானாக நிற்கிற குடம்தான். அவர் ஈரத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.