மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு விரதம்

மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணிக்குப் பூந்தமல்லியில் திருத்தணிப் பேருந்து ஏறினேன். எழுபது கிலோமீட்டருக்குள்தான் தூரம். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் திருவள்ளூர் தாண்டவே ஒன்பது ஆகிவிட்டது. கனகம்மாசத்திரத்தில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அக்கா போனில் சொன்னது மறுபடி மனதுக்குள் ஓட ஆரம்பித்தது.

"பாவாவுக்கு சுகர் முன்னூறு தாண்டிட்டுது செல்வி. டாக்டரு மாத்திரைய மாத்திக் குடுத்துக்கிறாரு. பண்டிகைல வாயக் கட்டமாட்டாரு. நீ சொன்னா கேப்பாரு, வா."

அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். கே.ஜி.கண்டிகையில் கரும்பு போட்டிருக்கிறார். திருத்தணி பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவர் வாசலிலேயே அதிரசமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மதியம் சர்க்கரைப் பொங்கல் இரண்டு முறை, வடை, சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாயசம். நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

"நாளைக்கு மலை ஏறப் போறேன்மா. தின்னதெல்லாம் எறங்கிப்பூடும்."

மறுநாள் காணும் பொங்கல். வருடம் தவறாமல் அன்றைக்கு அவர் படியேறி முருகனைப் பார்ப்பவர். அக்காவுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. "நீ கூடவே இரு," என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

எட்டு மணிக்குச் சரவணப் பொய்கை அருகே ஆட்டோ எங்களை இறக்கிவிட்டது. மொட்டைத் தலைகளில் சந்தனம், மஞ்சள் புடவைகள், தமிழும் தெலுங்கும் கலந்த அரோகரா. சில பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினார்கள். அடிவாரத்தில் ஒரு அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டேன். பாவா எனக்கு முன்னால் வேகமாக ஏறினார். நான் கோபுரத்தையும் பார்க்கவில்லை, கீழே விரிந்த ஊரையும் பார்க்கவில்லை. அவர் கால்களையே பார்த்துக்கொண்டு ஏறினேன்.

பாதி மலையில் அந்தக் கால்கள் பின்னிக்கொண்டன. பக்கத்து மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். தை மாதக் குளிரில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

"பாவா, இன்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல… நீ போம்மா… நான் வந்துகினே…" வாக்கியம் முடியவில்லை. என்னைப் பார்த்த கண்ணில் நான் யாரென்ற தெளிவு இல்லை.

சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? நேற்று முழுக்க இனிப்பாகத் தின்றவர். ஏறியிருந்தால் இன்னும் இனிப்பு கொடுத்து நானே கெடுத்துவிடுவேனோ? அக்காவுக்குப் போன் போட்டேன்.

"காலைல மாத்திரை போட்டாரா?"

"ஆங், போட்டாரே. புது மாத்திரைதான்."

"இன்னா சாப்ட்டாரு?"

"ஒண்ணும் சாப்புடல. நேத்து ஓவரா தின்னுட்டேன், இன்னிக்கு விரதம்னுட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஐயோ, செல்வி."

சர்க்கரை இறங்கித்தான் இருக்க வேண்டும். அதற்குமேல் யோசிக்கவில்லை. தட்டிலிருந்த டைமண்டு கல்கண்டுப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன். அவர் என் கையைத் தள்ளினார். நாக்கு குழறியது, ஆனால் சொன்னது புரிந்தது. "சாமிக்கும்மா… அது…"

"சாமிக்கு வேற வாங்கிக்கலாம். மென்னு முழுங்குங்க பாவா."

முப்பது வருடத்தில் நான் அவரை அதட்டியது அன்றுதான். கைப்பிடி கைப்பிடியாக வாயில் போட்டேன். பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு தெலுங்குக்கார அம்மா, யாரும் கேட்காமலே உட்கார்ந்து தன் துண்டால் விசிறினாள். ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொடுத்தது சரிதானா என்று தெரியாமல் காத்திருந்த அந்த நேரத்தைவிட நீளமான பயணம் எதுவும் நான் போனதில்லை.

முதலில் நடுக்கம் நின்றது. பிறகு கண் என் முகத்தில் வந்து நின்றது.

"பசிக்குது செல்வி," என்றார்.

தட்டிலிருந்த இரண்டு வாழைப்பழத்தையும் உரித்துக் கொடுத்தேன். அந்த அம்மா என் தோளைத் தொட்டுவிட்டு மேலே போனாள்.

அவருக்கு மேலே போக ஆசை. நான் விடவில்லை. மண்டபத்தில் நின்றபடியே கோபுரம் இருந்த பக்கம் கும்பிட்டார். அப்போது கண் கலங்கியதை நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே ஊருக்குள் ஒரு மருத்துவமனையில் பரிசோதித்த பெண் டாக்டர் அவரைத் திட்டவில்லை. "ஒருநாள் அளவில்லாம சாப்பிட்டு மறுநாள் பட்டினி கெடந்தா கணக்கு சரியாவாதுங்க. இந்த மாத்திரை போட்டா வேளைக்குச் சாப்டே ஆகணும்," என்றார். இத்தனை வருடத்தில் ஒரு மருத்துவரிடம் பாவா தலையாட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் என்னை வழியனுப்பப் பேருந்து நிலையம்வரை வந்தார். பேருந்து கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, "உள்ளுக்குள்ள ரொம்ப பயந்துட்டேன்மா. அக்காகிட்ட சொல்லாத," என்றார்.

விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டம் பூந்தமல்லிவரை தூங்கியது. எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போதும் காலை எட்டு மணிக்கு அக்காவின் போன் வந்தால், எடுப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதுவரை அவள் சொன்னதெல்லாம், பாவா இன்றைக்கு எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பதுதான்.